ஒஹியவில் வேகாத கௌபி

ஒஹிய மலையில் ஒரு குடிலில் தங்க ஆளுக்கு 8,000 ரூபாய் என்று சொன்னதும் அம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது; ஆனாலும் எந்தத் தொகையைக் கேட்டாலும் ‘பேர்’ கணக்கில்தான் பார்ப்பார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பாதியில் திருப்பி அனுப்பினால் அரைப் பேர். அப்போது, 2025இல், ஒரு பேருக்கு 1,350 ரூபாய்.

“ஆறு பேர்க் காசைக் கொடுத்து, குளிரில் போய்ப் படுக்கப் போகிறாயா? இங்கே இல்லாத குளிரா?”

பண்டாரவளைக் குளிர் இலவசம் என்பது எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

உண்மையில் நாங்கள் போக நினைத்தது மலைக்கே அல்ல. பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் அடைந்து கிடந்த நான்கு பேர் நாங்கள். ஒருத்தி மன்னார், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி வெள்ளவத்தை, நான் தோட்டத்துப் பிள்ளை. வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்தில், குதிரைமலைப் பக்கமாக ஒரு குடில் பிடித்து இரண்டு நாள் தங்க வேண்டும் என்று மன்னார்க்காரி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒருத்திக்கு லீவு கிடைக்காது, இன்னொருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். கடைசியில் 2025 பெப்ரவரியில், ரயிலில் வந்து இறங்கக்கூடிய இடமாகப் பார்த்து ஒஹிய என்று முடிவானது. “கடலுக்குக் கேட்டால் மலையைத் தருகிறீர்கள்” என்று அவள் குழுவில் எழுதியதற்கு யாரும் பதில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை, படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கீழே பண்டாரவளையிலிருந்து ஏறினேன். அவர்கள் மூவரும் காலையிலேயே கொழும்புக் கோட்டையில் ஏறி, மறுபக்கத்திலிருந்து வந்தார்கள். ஒஹிய நிலையம் 1,774 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய பட்டிப்பொலதான் இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம். அங்கிருந்து சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்தபோது காதடைத்துவிட்டதாம் மட்டக்களப்புக்காரிக்கு. மேடையில் நின்றுகொண்டு, நான் பேசுவது எதுவும் கேட்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

குடில் நன்றாகத்தான் இருந்தது. பைன் பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அடுக்குக் கட்டில்கள், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடி. விளம்பரத்தில் ‘சுடுநீர் வசதி’ என்று போட்டிருந்தார்கள். அந்த வசதி அடுப்படியில் இருந்தது: அடி கறுத்த பெரிய அலுமினியப் பானை ஒன்று. வெள்ளவத்தைக்காரி அதைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

அடுப்பு என் பொறுப்பு என்று நானாகத்தான் முன்வந்தேன். விடிய நான்கு மணிக்கு அம்மா அடுப்பு மூட்டும் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவள் நான். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் அறையான காம்பராவில் மிலாறு எப்போதும் அடுக்கிக் கிடக்கும். கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் குச்சிதான் மிலாறு. விரல் தடிமன்தான் இருக்கும், ஆனால் காய்ந்துவிட்டால் அது எரிகிற எரிப்புக்கு ஈடில்லை. அம்மா ஒரு பிடியை முழங்காலில் வைத்து முறிப்பார், அடியில் ஒரு கடதாசியைச் செருகுவார், ஒரே தீக்குச்சி. இதைப் பத்து வருடம் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பதுதான் விஷயம். படிக்கிற பிள்ளை என்று என்னை அடுப்புப் பக்கம் அவர் விட்டதே இல்லை.

குடிலில் இருந்ததோ ஈரமான சைப்ரஸ் கட்டை. பதினேழு தீக்குச்சி போனது. மெழுகுவர்த்தியைச் சரித்துப் பார்த்தேன். நான் கொண்டுபோயிருந்த ஒன்பதாம் ஆண்டு மாதிரி வினாத்தாள்களில் நான்கைக் கொளுத்தினேன் (பிள்ளைகளே, அவை திருத்தப்படாத தாள்கள் அல்ல, உபரிப் பிரதிகள்). வீடு முழுக்கப் புகை. மன்னார்க்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “கருவாடு போடத்தான் இப்படிப் புகை பிடிப்பார்கள்” என்றாள். கருவாட்டை வெயிலில்தான் காய வைப்பார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. இருமல் விடவில்லை.

புகையைப் பார்த்துக் குடிலைக் கவனிக்கும் மாமா வந்தார். முன்பு தோட்டத்தில் வேலை செய்தவர். எதுவும் சொல்லாமல் நான் அடுக்கியதை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். கையில் கொண்டுவந்திருந்த பைன் சிராய் இரண்டைக் குறுக்காக வைத்தார். பிசின் ஊறிச் செம்பழுப்பாக, தேன் தடவியது போல மினுங்கிய சிராய். அதன் மேல் ஒரு பிடி மிலாறு. தீக்குச்சியைக் காட்டியதும் சிராயின் நுனியில் பிசின் குமிழ் குமிழாகப் பொங்கி, சீறி, பிடித்துக்கொண்டது.

“தங்கச்சி எந்தத் தோட்டம்?” என்று கேட்டார். சொன்னேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், அடுப்பை ஒரு தரம் பார்த்தார், போய்விட்டார்.

இனி கௌபி, அதாவது தட்டைப்பயறு. மட்டக்களப்புக்காரி ஒரு கிலோ கௌபியும், திருவித் தயாராக வைத்திருந்த தேங்காய்ப்பூவும், போத்தலில் கட்டச்சம்பலும் கொண்டுவந்திருந்தாள். கௌபியைக் கழுவி ஆறரை மணிக்கு ஏற்றினோம். ஏழரைக்கு ஒரு மணியை எடுத்து நசுக்கினேன், நசுங்கவில்லை. எட்டரைக்குக் கடித்தோம், கல். விஞ்ஞான ஆசிரியையைச் சும்மா இருக்கச் சொன்னால் முடியுமா? விளக்கம் தொடங்கினேன். உயரம் கூடக் கூட வளி அமுக்கம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை இறங்கும். இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எத்தனை விறகு வைத்தாலும் மூடாத பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆகவே பிழை கௌபியில் இல்லை, வளிமண்டலத்தில் இருக்கிறது. சுவரில் கரித்துண்டால் வரைபடம்கூடப் போட்டேன் (காலையில் துடைத்துவிட்டேன்). மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். சிரிப்பினாலா பசியினாலா என்று தெரியவில்லை. பாணையும் டின் மீனையும் தின்றுவிட்டுக் காத்திருந்தோம். பத்தே முக்காலுக்குக் கௌபி வெந்தது. அதற்குள் யாருக்கும் பசி இல்லை.

அதுதான் மறுநாள் காலைச் சாப்பாடானது. ஐந்து மணிக்கு முச்சக்கரவண்டி பிடித்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறினோம். ஒஹியவிலிருந்து 11 கிலோமீட்டர், முழுக்க ஏற்றமும் வளைவும். நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கௌபி கடதாசிப் பைக்கு மாறியது. புல் எங்கும் வெண்மையாகத் துகள் பனி. தள்ளி ஒரு மரை நின்று, நனைந்த புல்லை மென்றுகொண்டு எங்களையே பார்த்தது.

சமவெளியின் விளிம்பிலுள்ள செங்குத்துப் பாறையான உலக முடிவுக்கு மூடுபனி ஏறுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். ஒன்பது, பத்து மணி தாண்டினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். நாங்கள் எட்டு மணிக்குள் விளிம்பில் இருந்தோம். கிட்டத்தட்ட 880 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது. கீழே ஒரு தோட்டத்தின் தகரக் கூரைகள் வரிசையாக மினுங்கின. லயம்தான். எனக்கு அதற்குப் பிறகு பள்ளத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, அந்தக் கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மன்னார்க்காரி கத்தினாள். “கடல்!”

தெற்கே வெகு தூரத்தில், வானமும் நிலமும் சேருகிற இடத்தில் ஒரு வெளிர்க் கோடு. உடவளவ நீர்த்தேக்கம் என்றேன் நான்.

“நீர்த்தேக்கத்துக்குக் கரை இருக்கும். அதோ கிட்டத்தில் துண்டாகத் தெரிகிறதே, அது உன் நீர்த்தேக்கம். நான் சொல்வது அதற்குப் பின்னால். கரையே இல்லாமல் போகிறது பார்.”

“80 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறதடி தென்கடல்.”

“இருக்கட்டுமே. நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது எது?”

வெள்ளவத்தைக்காரி மேகம் என்றாள். அவள் வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை, ஆனால் அவள் சொல்லை யாரும் எடுக்கவில்லை. கௌபியைக் கையில் வைத்தபடி நால்வரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வழக்கு முடிவதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி கிளம்பி, முதலில் லயத்துக் கூரைகளை, பிறகு நீர்த்தேக்கத்தை, கடைசியாக அந்தக் கோட்டையும் மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒஹிய மேடையில் பிரியும்போதுகூட, ரயில் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “கடல்தான்!” என்றாள் மன்னார்க்காரி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அடுப்பு மூட்ட முடியாமல் போனதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கௌபி நான்கு மணி நேரம் வேகாததையும், வளி அமுக்கத்தையும், 94 பாகையையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கௌபியை ஊறப் போடவில்லையா?” என்றார்.