ஹார்டு டிஸ்க் செய்த வேலை

புது புளூடூத் மவுஸ் வாங்கி மூன்று நாளாயிற்று, லேப்டாப்போடு சேரவே மாட்டேன் என்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்தால் அடியில் விளக்கு மினுக்கும், திரையில் பெயரும் வரும், கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு அப்புறம் கைவிரித்துவிடும். தப்பித்தவறிச் சேர்ந்தாலும் அம்புக்குறி தத்தித் தத்தித்தான் நடக்கும். பழைய இணைப்பை நீக்கினேன், டிரைவரை மாற்றினேன், பேட்டரியையும் மாற்றினேன் (முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்வது என் வழக்கம்).

நேற்று பேக்கப் முடிந்து எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் மவுஸ் சட்டென்று ஒட்டிக்கொண்டது. மறுபடி செருகினேன், போச்சு!

புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், டிஸ்க்கைச் செருகியிருந்த யுஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் 2012லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே அப்படி இரைந்தால் மவுஸின் சன்னக் குரல் எங்கே கேட்கும்?

சரி என்று, நல்ல உறை போட்ட நீட்டிப்பு கேபிள் ஒன்றை வாங்கி டிஸ்க்கை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டேன். வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், அது கொஞ்சம் அதிகப்படிதான். மவுஸ் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.