வவுனியா ரவுணில் அடிபட்டால்: பொலிஸ் வழக்கு வேறு, நட்டஈடு வேறு

டிப்பர் மோதுகிறது. சாரதியைப் பொலிஸ் பிடிக்கிறது. அவர் நீதிவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போகிறார். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. கால் முறிந்து கட்டிலில் கிடப்பவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. குற்றவாளிக்குத் தீர்ப்பளிக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிட நீதிவானுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அப்படிக் கிடைத்தாலும் அது பெரும்பாலும் ஒரு சத்திரசிகிச்சையின் போக்குவரத்துச் செலவுக்கே காணாது. உரிய நட்டஈடு வேண்டுமென்றால் நீங்களே மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட வேண்டும், அல்லது போடுவோம் என்று காட்டிக் காப்புறுதிக் கம்பனியைப் பேச வைக்க வேண்டும்.

வன்னியில் பலருடைய உரிமை பாழாவது இந்த இடத்தில்தான். "பொலிஸ் கேஸ் முடியட்டும், பிறகு பாப்பம்" என்று இருந்துவிடுகிறார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இப்படியான தீங்குக்கு வழக்குப் போட 2 ஆண்டுகள்தான் உண்டு. கணக்கு விபத்து நடந்த நாளில் தொடங்குகிறது. சட்ட வைத்திய அறிக்கை வரவில்லை, சாரதி தவணைக்கு வரவில்லை, பிடியாணை என்று பொலிஸ் வழக்கு 2 ஆண்டுகளைத் தாண்டுவது சாதாரணம். அது இழுபடுவதால் உங்கள் காலக்கெடு நிற்காது. காப்புறுதிக் கம்பனியோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாலும் நிற்காது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி யாரும் இருக்க வேண்டாம். சாட்சிகள் ஊர் மாறிவிடுவார்கள்.

முதலில் பொலிஸ். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலோ குருமன்காடு சந்தியிலோ அடிபட்டால் வவுனியா பொலிஸின் போக்குவரத்துப் பிரிவு வந்து அளந்து வரைபடம் கீறும். அவர்கள் வருவதற்கு முன்னரே வாகனங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்பதால், கூட இருப்பவர் கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்துவைக்க வேண்டும்: வாகனம் நின்ற இடம், பிரேக் பிடித்த அடையாளம், இலக்கத் தகடு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப் பத்திரம். கடைவீதியில் எந்தக் கடையில் கமரா இருக்கிறது என்று அன்றே பாருங்கள். பல கமராக்களில் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து, மேலே புதியது ஏறிவிடும்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி "கையெழுத்துப் போடுங்கோ" என்றால் போடாதீர்கள். வடக்கில் தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்கலாம். வலப்பக்கம் இடப்பக்கம் மாறி எழுதப்பட்ட ஒரு வரி பின்னர் வழக்கையே மாற்றிவிடும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு கட்டணம் கட்டி உறுதிப்படுத்திய பிரதி எடுக்க வேண்டும்.

இன்னொரு கையெழுத்தும் அங்கேயே காத்திருக்கும். வாகனக்காரர் பக்கத்து ஆள் ஒருவர் வந்து, "அண்ணை, வழக்கெண்டு போனா அலைச்சல், இப்ப கையில கொஞ்சம் தாறம், சமாதானமாப் போவம்" என்பார். அந்தக் காசை நான் இழிவாகச் சொல்லவில்லை. அன்றாடம் கூலிக்குப் போகும் வீட்டுக்கு அது அரிசிக் காசு. வாங்குவதென்றால் "மருத்துவச் செலவுக்கு முற்பணம்" என்று எழுதி வாங்குங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வசனம் இருந்தால் தொடாதீர்கள். எலும்பு பொருந்துமா இல்லையா என்பது அன்று வைத்தியருக்கே தெரியாது.

வைத்தியசாலையில் நடக்கும் பிழை இதைவிடக் கெட்டது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்க்கும்போது, பொலிஸ் கரைச்சல் வேண்டாம் என்று "சைக்கிளால விழுந்திட்டன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது அப்படியே பெட் டிக்கெட்டில் (வார்ட்டில் எழுதும் சிகிச்சைப் பதிவில்) ஏறும். ஆறு மாதம் கழித்துக் காப்புறுதிக் கம்பனியின் சட்டத்தரணி அந்த ஒரு வரியைத்தான் நீதிமன்றத்தில் வாசிப்பார். 1990 இலக்கத்துக்கு அழைத்து வரும் அம்புலன்ஸில் போனாலும் ஓட்டோவில் போனாலும் "வீதி விபத்து, இன்ன வாகனம் மோதியது" என்று சொல்லுங்கள். பொலிஸ் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் கொடுக்கும். அதை வைத்துச் சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பார்த்துப் பதிவார். காயம் சாதாரணமா, பாரதூரமா என்று அவர் குறிப்பதைப் பொறுத்தே குற்றச்சாட்டின் கனமும் அமையும். அவர் பார்க்காமல் வீட்டுக்குத் துண்டு வெட்டினால், கேட்டு நின்று பார்த்துவிட்டே வர வேண்டும்.

மாங்குளத்தில் முதலுதவி, வவுனியாவில் அனுமதி, பிறகு யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ மாற்றம் என்று போனவர்கள் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் டயக்னோசிஸ் கார்டை (வெளியேறும்போது தரும் நோய் விபர அட்டையை) தனித்தனியாக வாங்க வேண்டும். பெட் டிக்கெட் அந்தந்த வைத்தியசாலையிலேயே தங்கிவிடும்; கடைசி ஆஸ்பத்திரிக் கார்ட்டில் முதல் ஆஸ்பத்திரியில் செய்த சிகிச்சை முழுதாக இருக்காது. கிளினிக் கொப்பியை மழையில் நனைய விடாதீர்கள். எக்ஸ்ரே படங்களையும் சேர்த்து வையுங்கள்.

இனி வன்னிக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே பலரின் உடம்பில் யுத்தத்தில் பாய்ந்த செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. பழைய முறிவு, காது கேட்பது குறைவு, ஒரு காலில் பலக்குறைவு. விபத்துக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த உலோகத் துண்டுகளும் தெரியும். அதை வைத்து, "இயலாமை யுத்தக் காயத்தால் வந்தது, எங்கள் வாகனத்தால் அல்ல" என்று வாதிடுவார்கள். அடிபட்டவர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நிலை. ஏற்கெனவே பலவீனமான காலை முற்றாக முடக்கியவர், அது முன்பே பலவீனம்தானே என்று முழுவதும் தப்ப முடியாது. ஆனால் பழையது எது, புதியது எது என்று பிரித்துக் காட்டாவிட்டால் நீதிமன்றம் ஊகித்துப் பிரிக்கும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஆகவே பழைய காயத்தை மறைக்க வேண்டாம். எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணரிடம், விபத்தால் கூடிய இயலாமை எத்தனை வீதம் என்று தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். விபத்துக்கு முன் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதற்கான ஆதாரம் இங்கே இரட்டிப்புப் பெறுமதி: துண்டு இருந்த காலோடுதான் வயல் உழுதீர்கள் என்றால் அதுவே பதில்.

அந்த ஆதாரம் சம்பளத் துண்டு இருப்பவருக்குச் சுலபம். மற்றவர்களுக்குத் தேட வேண்டும், ஆனால் கிடைக்கும். கமக்காரருக்குக் கமநல சேவை நிலையத்தின் உர மானியப் பதிவு, கமக்காரர் அமைப்பின் கடிதம், நெல் விற்ற பற்றுச்சீட்டு. புரட்டாதியில் கால் முறிந்தால் போவது இரண்டு மாதக் கூலி அல்ல, ஒரு காலபோகம் முழுவதும். ஏக்கர் கணக்கோடு அப்படித்தான் எழுத வேண்டும். ஆள் வைத்து விதைத்திருந்தால் அந்தக் கூலியும் இழப்புத்தான். முல்லைத்தீவுப் பக்கக் கடற்றொழிலாளருக்குச் சங்கத்தின் பதிவு, பால் கறப்பவருக்குக் கூட்டுறவுச் சங்கப் பால் கொப்பி, மேசனுக்கு வீடு கட்டுவித்தவரின் கடிதம். கிராம அலுவலரின் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருந்தால் நல்லது. ஆனால் வருமானத்துக்கு அது ஒன்றையே நம்பினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. செலவுக்கும் அப்படியே: அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம் என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. வெளியில் எடுத்த ஸ்கான், எலும்புக்கு வைக்க வாங்கிக் கொடுத்த பிளேட், வாகனக் கூலி, கூட நின்றவரின் சாப்பாடு, அவர் இழந்த கூலி, எல்லாவற்றுக்கும் திகதியோடு துண்டு வேண்டும். இவற்றுக்கு மேல் வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கேட்கலாம்.

யார்மீது வழக்கு? சாரதி, உரிமையாளர் இருவர் மீதும். வன்னியில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிலும் ஓட்டோக்களிலும் நிறைய லீசிங் அல்லது ஓபன் பேப்பர் (பதிவில் பெயர் மாற்றாமல் கைமாறியவை). புத்தகத்தில் ஒரு பெயர், ஓடுபவர் வேறு, வாங்கியவர் மூன்றாமவர். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரம் எடுத்த பிறகே பெயர்களை எழுத வேண்டும். கொழும்புப் பதிவு லொறி வவுனியாவில் இடித்தால் கொழும்புக்குப் போய் வழக்காட வேண்டியதில்லை. சம்பவம் நடந்த இடத்து மாவட்ட நீதிமன்றமே போதும்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வீதியில் வாகனம் ஓட்டக்கூடாது என்று 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சம்பவ இடத்துக்கு வரும் காப்புறுதிக் கம்பனிக்காரர் வாகனச் சேதத்தைப் பார்க்கத்தான் வருகிறார். உங்கள் காயம் அவர் படிவத்தில் இல்லை. தீர்ப்புத் தொகையைக் கம்பனி கட்ட வேண்டுமானால், வழக்குப் போடுவதற்கு முன்னரோ, போட்டு 7 நாட்களுக்குள்ளோ, வழக்குப் பற்றிய அறிவித்தல் கம்பனிக்குப் போயிருக்க வேண்டும். இந்த 7 நாட்களைத் தவறவிட்டால் கையில் தீர்ப்பு இருக்கும், கட்டுவதற்கு வசதியில்லாத ஒரு சாரதிதான் எதிரே இருப்பார். சட்டத்தரணியிடம் "அறிவித்தல் போட்டாச்சா?" என்று கேட்டு, பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் பிரதியை வாங்கி வையுங்கள்.

இராணுவ வாகனம், திணைக்கள வாகனம், புகையிரதம் என்றால் வழக்கு சட்டமா அதிபர் மீது. அதற்கு முன் ஒரு மாத எழுத்து அறிவித்தல் கட்டாயம். அந்த மாதமும் உங்கள் 2 ஆண்டுக்குள்தான் அடங்க வேண்டும். இ.போ.ச. பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மீதே. பிரதேச சபை உழவு இயந்திரம் மோதினால் உடனே சட்டத்தரணியிடம் போங்கள். உள்ளூராட்சிச் சபைகளுக்கு எதிரான வழக்குக்கு அவகாசம் இன்னும் குறுகியது. இடித்துவிட்டு ஓடிய வாகனம் யாருடையது என்றே தெரியாவிட்டால், வீதிப் பாதுகாப்புத் தொடர்பான தேசிய சபைக்குப் பொலிஸ் அறிக்கையோடு விண்ணப்பிக்கலாம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ அடிபட்டவருக்கு, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க இடமுண்டு. இரவில் ஏ9இல் படுத்திருந்த மாட்டோடு மோதியவருக்கு மாட்டுக்காரர்தான் எதிராளி, ஆனால் விபத்தன்று அந்த மாட்டுக்கு உரிமையாளர் இருப்பதேயில்லை!

ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் ஏறினோம், லைசன்ஸ் இல்லை என்பதற்காக ஒன்றும் கிடைக்காது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் பிழையின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும், உரிமை அழியாது. ஹெல்மெட் இல்லாதது தலைக் காயத்துக்குத்தான் பேசும், முழங்காலுக்கு அல்ல.

சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம். வருமானம் பார்ப்பார்கள், கிராம அலுவலரின் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். வார்ட்டுக்கே வந்து "நான் எல்லாம் எடுத்துத் தாறன்" என்று வீதம் பேசும் தரகரிடம் மூலப் பத்திரம் ஒன்றையும் கொடுக்க வேண்டாம். தொகை சிறியதாக இருந்தால் முதலில் இணக்கசபைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே தீராவிட்டால் தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம்.

பெரும்பாலான கோரிக்கைகள் தீர்ப்புக்கு முன்னரே பேசி முடிகின்றன, அதில் தவறில்லை. கம்பனி நீட்டும் இறுதித் தீர்வுப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் அதே விபத்துக்கு மீண்டும் கேட்க முடியாது. ஆகவே வைத்தியர் "இனி இதற்கு மேல் மாறாது" என்று எழுதும்வரை தொகை பேச வேண்டாம். 2 ஆண்டு நெருங்கினால் வழக்கைப் பதிந்துவிட்டுப் பேசுங்கள். காலுக்குள் வைத்த பிளேட்டைக் கழட்டும் சத்திரசிகிச்சை இன்னும் மிச்சம் என்றால், அதன் செலவையும் அந்தக் கிழமைகளின் கூலியையும் கணக்கில் எழுதிச் சேர்த்த பிறகே பேனையை எடுங்கள்.