பெரியம்மாவின் வாடகை பாக்கியைத் தீர்த்த கதை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நகராட்சி கட்டிய வாடகை ஃபிளாட்டில் என் பெரியம்மா குடியிருக்கிறார். பெரியப்பா போன பிறகு அவருக்கு வருமானம் அரசு மாதாமாதம் தரும் முதியோர் உதவித்தொகையான கிராண்ட் மட்டும்தான். 2024 அக்டோபரில் அது 2,190 ரேண்ட். வாடகையைக் கட்டிவிட்டுத்தான் மளிகைக்கே போவார். அப்படியும் பாக்கி ஏறிக்கொண்டே போய், வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்று கடிதம் வந்துவிட்டது.

அவர் டர்பன் நகரில், இந்திய நகராட்சித் தொழிலாளர்களின் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். அப்பா நகராட்சித் தொழிலாளி. 1960களில் நிறவெறி ஆட்சியில் அங்கிருந்த குடும்பங்களைக் கட்டாயமாக வெளியேற்றி, நகருக்கு வெளியே இருந்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் தூக்கம் வருமா?

அக்கம்பக்கத்தார், “இனி ஒரு காசு கட்டாதே” என்றார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வாடகை வந்தால்தான் குழாய், கூரை பார்க்க ஆள் வரும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்தால் தீர்ப்பு வரும்வரை அல்லது மூன்று மாதம் வரை, இதில் எது முந்தியதோ அதுவரை, வீட்டுக்காரர் நம்மை வெளியேற்றக் கூடாது. நாமும் வாடகையை நிறுத்தக் கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது என்று அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவே சொல்கிறது. இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் பெரியம்மா கொஞ்சம் தெளிந்தார்.

அப்புறம் பிஸ்கெட் டின்னைத் திறந்தோம். ரசீது எல்லாம் வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் கணக்கு எண், தொகை, தேதி மட்டும்தான். எதற்காகக் கட்டிய பணம் என்று ஒரு சொல் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் முழுக் கணக்கு விவரம் கேட்டு வாங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. பெரியப்பா காலத்தில் குழாய் கசிந்து ஏறிய தண்ணீர் பில் ஒன்று பாக்கியில் கிடந்தது. பெரியம்மா கட்டும் பணம் முதலில் அந்த பாக்கிக்கும் அதன் வட்டிக்கும் போனது. மிச்சம்தான் வாடகைக்கு. ஆக, ஒழுங்காகக் கட்டுபவர் மாதாமாதம் வாடகை கட்டாதவராகவே பதிவானார்.

பணம் வாடகைக்கா, பாக்கிக்கா, முன்பணத்துக்கா, எந்தக் காலத்துக்கு என்று ரசீதில் எழுத வேண்டும் என்பது அதே சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. எங்கள் புகாரில் அதைத்தான் முதலில் வைத்தோம். வாடகை அதிகம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று குடியிருப்பவருக்குத் தெரியாவிட்டால் அது நியாயமான வாடகை ஆகாது என்பது என் எண்ணம்.

தீர்ப்பாயத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது. குத்தகைப் பத்திரம், ரசீதுகள், கணக்கு விவரம், கிராண்ட் வரும் வங்கி அறிக்கை ஆகியவற்றின் நகல் கொடுத்தோம். பத்திரம் இன்னும் பெரியப்பா பெயரில் இருந்ததால் இறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் கேட்டார்கள். உங்கள் வீட்டிலும் பத்திரம் இறந்தவர் பெயரில் இருந்தால், பிரச்சினை வருமுன்னே மாற்றிவிடுங்கள். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது அதில்தான்.

சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். நடத்திய அம்மாள் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார். அலுவலகத்திலிருந்து வந்தவரும் கோபப்படவில்லை. கணினி அப்படித்தான் பிரிக்கிறது என்றார். “கிராண்ட் வாங்கும் ஒருவர் இதைத் தாங்க முடியுமா?” என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டதும் பேச்சு நல்ல வழிக்கு வந்தது. கட்டும் பணம் முதலில் அந்த மாத வாடகைக்குப் போகும். பழைய தண்ணீர் பாக்கி தனிக் கணக்கு, அதற்குச் சின்னத் தவணை. குத்தகை பெரியம்மா பெயரில். மூன்றையும் எழுத்தில் வாங்கி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வட்டியைத் தள்ளுபடி செய்யும் கோரிக்கை மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அதற்குத் தனி மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம்.