கிரகணம் விட்ட திங்கட்கிழமை, கொச்சிக்கடைச் சிவன் கோயில்

செப்டெம்பர் 7, 2025 ஞாயிற்றுக்கிழமை போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. அன்று இரவே பூரண சந்திர கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் இருந்ததால் எங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்தே அவசரம்தான். கிரகணம் தொடங்குவதற்கு மூன்று யாமத்துக்கு, அதாவது ஒன்பது மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. இரவு 9.57க்குப் பிடிக்கிறது என்றால் பகல் ஒரு மணிக்குள் அடுப்பை மூட வேண்டும். தயிர்ச்சட்டி, ஊறுகாய்ப் போத்தல், தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பை. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் பாலுக்கும் போட வேண்டுமா என்று தம்பி கேட்டான், அம்மா பதில் சொல்லாமல் போய்ப் போட்டுவிட்டு வந்தா.

பின்னேரம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை முழுக்க வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகும் சனம், இந்தப் பக்கம் நடை சாத்த முன் கும்பிட்டுவிட ஓடும் நாங்கள். பூசையை வேளைக்கே முடித்துவிட்டு ஐயா சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து அக்கா அழைத்தாள், தானும் சாப்பிடாமல் இருக்க வேண்டுமா என்று. ஐயாவிடமே போனைக் கொடுத்தேன். "பிள்ளை, அங்க உங்களுக்கு அப்ப பட்டப்பகல். சந்திரனே தெரியாத ஊருக்கு என்ன கிரகணம்? போய்ச் சாப்பிடுங்கோ" என்றார்.

இது பலருக்கும் குழப்பமாக இருக்கும் விஷயம். சூரிய கிரகணம் மாதிரி ஒரு ஒடுங்கிய பாதையில் மட்டும் தெரிவதில்லை சந்திர கிரகணம், அந்த நேரத்தில் எங்கெல்லாம் நிலவு வானத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் தெரியும், அதாவது பாதி உலகத்துக்கு. மற்றப் பாதிக்கு அது இல்லை. அதே வருடம் மார்ச் 14இல் அக்காவுக்கு நடுச்சாமத்தில் பூரண கிரகணம், நாங்கள் கொழும்பில் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாருக்கும் தர்ப்பை நினைவு வரவில்லை, வரத் தேவையும் இல்லை.

இரவு மொட்டைமாடியில் இருந்தோம். முகில் வந்து மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது. பதினொரு மணிக்கு முழுதாக மூடி, 12.22 வரை அப்படியே செம்பு நிறத்தில் நின்றது. பூமியின் காற்றுமண்டலத்தில் வளைந்து போகும் சூரிய வெளிச்சத்தில் சிவப்பு மட்டும்தான் மிஞ்சி அங்கே போய் விழுகிறது என்று தம்பி விளக்கிக்கொண்டிருக்க, அம்மா பக்கத்திலிருந்து பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருந்தா, இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இல்லை. 1.26க்கு விட்டதும் குழாய்த் தண்ணீரில் முழுக்கு. கடலில் ஸ்நானம் செய்வது விசேஷம்தான், ஆனால் அந்த நேரத்தில் முகத்துவாரம் வரை யார் போவது?

காலையில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். கிரகணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமையாக, சோமவாரமாக அமைந்தது, சந்திரனைச் சடையில் வைத்திருப்பவரிடம் அன்று போகாமல் எப்போது போவது! பொன்னம்பல முதலியார் கட்டி, பிறகு அவருடைய மகன் சேர் பொன். இராமநாதன் முழுக் கருங்கல்லில் எடுப்பித்த கோயில் இது. கழுவிவிட்ட தரையில் ஈரம் காயவில்லை, கல் காலுக்குக் குளிர்ந்தது. தூணோரம் ஒரு ஆச்சி, இலையில் வைத்திருந்த பச்சரிசியையும் வெள்ளைப் பூவையும் சந்திரனுக்கு வைத்துவிட்டு, உளுந்தை ராகுவுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்தா. பேரனுக்குச் சதயமாம். கும்பராசியில் ராகுவோடு சந்திரன் நின்றபோது பிடித்த கிரகணம், அதனால் சதயமும் பூரட்டாதியும் சாந்தி செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நவக்கிரகத்தைச் சுற்றும்போது எனக்கு எப்போதும் பிடித்தது அந்த இரண்டு சாயாக்கிரகங்கள்தான். சந்திரன் போகும் பாதை பூமியின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது, இரண்டும் வெட்டும் புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். பௌர்ணமி அந்தப் புள்ளிக்குக் கிட்ட வந்தால்தான் கிரகணம், அதனால்தான் மாதாமாதம் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்குச் சிலை வைத்து உளுந்தும் கொள்ளும் படைக்கிறோம், சும்மா ஆட்களா நாங்கள்?

அடுத்தது 2026 மார்ச் 3. பூரணம்தான், ஆனால் எங்களுக்கு வால் மட்டும். பிடித்தபடியே நிலவு உதிக்கும், பஞ்சாங்கத்தில் கிரஸ்தோதயம் என்பார்கள். கொழும்பில் ஆறு இருபதுக்கு மேல்தான் உதயம், 6.47க்கு விட்டுவிடும். காலிமுகத்திடலுக்குப் போய் நின்று பிரயோசனமில்லை, கடல் மேற்கே, நிலவு முதுகுப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் வரும். திருகோணமலையில், திருக்கோணேஸ்வரத்தில் நின்றால் கிழக்கே கடல் திறந்து கிடக்கும், நடை சாத்தியிருந்தாலும் மலையிலிருந்து பார்க்கலாம். மெல்பேர்னில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்காரர்தான் அன்று கொடுத்துவைத்தவர்கள், இரவு பத்து மணிக்குப் பிறகு முழுவதும் தெரியும். ஓகஸ்ட் 28 பாகக் கிரகணம் எங்களுக்குப் பகல், அக்காவுக்கு 27ஆம் திகதி இரவு. இந்த முறை அவள் தர்ப்பை தேட வேண்டியதுதான்.

2027இல் வரும் சந்திர கிரகணமெல்லாம் புறநிழல், நிலவு இலேசாக மங்குவதோடு சரி, வீட்டில் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். கொழும்பில் அடுத்த முழுக் கிரகணம் 2028 டிசம்பர் 31, இரவு 9.46 முதல் 10.58 வரை பூரணம், முற்றாக விடும்போது பன்னிரண்டு தாண்டி ஆறு நிமிடம். ஜனவரி 1 விடியவே அருச்சனைத் தட்டோடு சனம் வந்து நிற்குமே, அதற்குள் கோயிலைக் கழுவிச் சாந்தி முடித்து நடை திறக்க வேண்டும். ஐயாமாருக்கு அன்று நித்திரை கிடையாது.