மோட்டாரை நிறுத்த ஒரு ஐஸ்கிரீம் டப்பா

எங்க மாடி டேங்க் நிரம்பி வழிஞ்சா அது முதல்ல தெரியறது பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான். அவங்க காயப்போட்ட வத்தல்ல தண்ணி தெறிக்கும், "அம்மா, மோட்டார நிறுத்துங்க"ன்னு குரல் வரும், எங்கம்மா அடுப்ப சிம்ல வெச்சிட்டு ஓடுவாங்க. இதுக்கு நானே ஒண்ணு செஞ்சு மாட்டுறேன்னு வாய விட்டுட்டேன். கடையில ரெடிமேடா கிடைக்குது, வாங்கி மாட்டினா ஒரு மணி நேர வேலை, ஆனா கையில சால்டரிங் அயர்ன் வெச்சிருக்கிறவனுக்கு அதெல்லாம் ஏறாது.

முதல் தடவை ரொம்ப சிம்பிளா பண்ணேன். டேங்க் மேல்மட்டத்துல ரெண்டு செப்புக் கம்பி, சின்ன கரண்ட்ட பெருசாக்க ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர். தண்ணி ரெண்டு கம்பியையும் தொட்டா கரண்ட் பாஞ்சு பஸ்ஸர் கத்தும், அவ்ளோதான். ஒரு மாசம் நல்லாத்தான் கத்துச்சு, அப்புறம் ஊமையாயிருச்சு. மேல ஏறிப் பார்த்தா பாசிட்டிவ் கம்பி பச்சை பூத்து, பாதி கரைஞ்சு, பல்குச்சி மாதிரி மெலிஞ்சு கிடக்கு. எந்நேரமும் ஒரே பக்கமா பாயற டிசி கரண்ட் விட்டா இப்படித்தான், பள்ளிக்கூடத்துல படிச்ச மின்னாற்பகுப்பு நம்ம குடிக்கிற தண்ணியிலயே நடக்குது, அதுவும் எங்க ஏரியா உப்புத் தண்ணின்னா கேக்கவே வேணாம். அந்தத் தண்ணியத்தான் ஒரு மாசமா குடிச்சோம்னு அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

சரி, தண்ணியவே தொடாம அளக்கலாம்னு சென்னையில எலக்ட்ரானிக் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். (அந்தத் தெருவுல ஒரு சாமானுக்குப் போய் ஒரே சாமானோட திரும்புனவன் யாராவது இருந்தா சொல்லுங்க.) எச்.சி-எஸ்.ஆர்04ன்னு ரெண்டு கண்ணு வெச்ச அல்ட்ராசோனிக் சென்சார், நூறு ரூபாய்க்குள்ள. 40 கிலோஹெர்ட்ஸ்ல சத்தம் போட்டு அது திரும்பி வர்ற நேரத்தை அர்டுயினோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு எண்ணும், 58 மைக்ரோசெகண்டுக்கு 1 சென்டிமீட்டர்னு கணக்கு. டேபிள் மேல பக்கெட் வெச்சு டெஸ்ட் பண்ணப்போ அச்சு அசலா வந்துச்சு. டேங்க் மூடியில மாட்டுனதும் ராத்திரியெல்லாம் ஆவி ஏறி அந்த ரெண்டு கண்ணுலயும் முத்து முத்தா நீர் கோத்துக்கிச்சு, காலையில தண்ணி மட்டம்னு அது காட்டுறதெல்லாம் வாய்க்கு வந்த நம்பர்.

கடைசியில ஜெயிச்சது ரொம்ப சாதாரண ஃப்ளோட் சுவிட்ச். மிதவைக்குள்ள ஒரு காந்தம், தண்டுக்குள்ள காந்தம் பக்கத்துல வந்தா மாறுற ஒரு ரீட் சுவிட்ச், அவ்வளவுதான் சரக்கு. டேங்க் பக்கம் போறது வெறும் 5 வோல்ட், அதனால பயமும் இல்ல. தண்ணி விழும்போது மிதவை ஆடிக்கிட்டே இருக்கும், அதனால 5 செகண்ட் விடாம மேலயே இருந்தாத்தான் நிறைஞ்சுதுன்னு நம்பணும்னு ப்ரோகிராம்ல எழுதினேன். டேங்க் நிறையாத வரைக்கும் சர்க்யூட்ல கரண்ட் பாஞ்சுக்கிட்டே இருக்கற மாதிரி இணைச்சிருக்கேன், ஏன்னா எங்க மாடியில அணில் ஜாஸ்தி, ஒயர கடிச்சு அறுத்தாலும் நிறைஞ்சுதுன்னு நினைச்சு மோட்டார் நின்னுரும்.

ஆனா நிஜமான அடி வேற இடத்துல இருந்து வந்துச்சு. மோட்டார ஒரு சின்ன நீல ரிலேவுல (அர்டுயினோ சொன்னா போட்டு அணைக்கிற சுவிட்ச்) நேரா கொடுத்திருந்தேன், மேல 10 ஆம்பியர்னு போட்டிருக்கு, நம்ம 1 எச்பி மோட்டார் ஓடும்போது 6, 7தான் இழுக்கும், போதுமேன்னு நினைச்சேன். கிளம்புற நொடியில அதைப்போல அஞ்சாறு மடங்கு இழுக்கும்னு யோசிக்கல. மூணாவது வாரம் டேங்க் நிறைஞ்சுது, அர்டுயினோ நிறுத்துன்னு சொல்லிருச்சு, எல்ஈடி அணைஞ்சிருச்சு, மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. அக்கா குரல் வந்துருச்சு. மெயின ஆஃப் பண்ணிட்டு ஸ்குரூடிரைவர் பிடியால ரிலேவத் தட்டுனேன், டிக்னு விட்டுச்சு. உள்ள ரெண்டு முனையும் உருகி ஒட்டியிருக்கு. எங்க தெரு எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்த்துட்டு சிரிச்சாரு, "தம்பி, இந்தப் பொடியன வெச்சு கான்டாக்டர இழுக்கச் சொல்லு, கான்டாக்டர் மோட்டார இழுக்கட்டும்". கான்டாக்டர்னா மோட்டார் மாதிரி பெரிய லோடுக்கான பெரிய ரிலே, அவரே பழசு ஒண்ணு கொடுத்தாரு, இப்ப மோட்டார் நிக்கும்போது டொக்குன்னு சமையக்கட்டு வரைக்கும் கேக்குது.

எல்லாத்தையும் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவுல அடைச்சு சுவத்துல மாட்டியாச்சு, கான்டாக்டர் மட்டும் தனிப் பொட்டியில. அம்மா பட்டனை அமுக்கினா ஓடும், நிறைஞ்சா நிக்கும். போன வாரம் நடுவுல கரண்ட் போயி வந்துச்சு, அர்டுயினோவுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, மோட்டார் கிளம்பல, அம்மா தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளிக்கப் போனா குழாயில காத்துதான் வருது. முன்ன என்ன செஞ்சுக்கிட்டிருந்தோம்னு கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் மெமரில எழுதி வெச்சு தானா கிளம்ப வைக்கலாம், ஆனா சம்ப் காலியா இருந்தா மோட்டார் வெறுமனே ஓடி சீல் போயிரும், அப்ப கீழயும் ஒரு ஃப்ளோட் வேணும். "இதுக்கு நான் பழையபடி ஓடியே நிறுத்திக்குவேன்டா"ங்கறாங்க. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போறேன், ஒரே ஒரு ஃப்ளோட்தான் வாங்கப் போறேன்.