விளிம்பில் இருக்கும் பெயர்

முதல் உலகப் போர் முடிந்தபின் மதராஸ் மாகாணத்தின் பல ஊர்களில் பிரிட்டிஷ் அரசு ஒரு கல் பதித்தது. வாசகம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் ஒன்றுகூட இருக்காது. வேலூர் மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு கல் நிற்கிறது. அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்கிற உறவுக்காரர்களிடம் நான் சொல்லும் பதில் இதுதான்: அந்தக் கல்லில் எழுதாமல் விட்ட பெயர்களைத் தேடுகிறேன்.

எழுதாமல் விட்டது இந்த ஊரில் மட்டுமல்ல. ஈராக்கில் இருக்கும் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கெல்லாம் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களை ரெஜிமென்ட்டின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகச் சேர்த்துவிட்டார்கள். இறந்தவர்கள் எல்லோரையும் சமமாக நினைவுகூரவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல்தான் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டுக்குப் பிறகு வந்தாலும் அதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். அந்த அறிக்கையின் செய்தியை அச்செடுத்து, முதல் அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இருப்பதே இரண்டு அறைதான். ஊரில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் பென்ஷனில் இருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துகிறார்கள். அருங்காட்சியகவியல் படித்துவிட்டு வந்த என்னைப் பதிவேடு எழுத வைத்தார்கள். பொருள் என்ன, யார் கொடுத்தது, யாருடையது, எந்த யூனிட், எந்த ஆண்டு என்று அதில் பத்திகள் உண்டு. 'யாருடையது' என்ற பத்தியை நிரப்புவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும்.

பதக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின் பதக்கத்தில் வீரரின் எண்ணும் பெயரும் முகப்பில் இருக்காது, விளிம்பில் இருக்கும். நாணயத்தின் ஓரம் போன்ற அந்தக் குறுகிய இடத்தில் பொடி எழுத்தில் சுற்றிலும் அடித்திருப்பார்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போகிறோமே, பளிச்சென்று இருக்கட்டும் என்று வீட்டுப் பெண்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவருவார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேய்த்துத் தேய்த்து, விளிம்பு எழுத்து மழுங்கிப்போய் இருக்கும். சாய்வாக டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஓர் எழுத்தைப் பிடிக்க மத்தியானம் முழுக்கப் போன நாள் உண்டு. பெயர் தேய்ந்தாலும் எண் கிடைத்துவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. போருக்குப் போனவர்களுக்குக் கொடுத்த இன்னொரு பதக்கம் வெள்ளி. அதைப் பஞ்ச காலத்தில் உருக்கி விற்றுவிட்டோம் என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் சொல்வதையும் பதிவேட்டில் எழுதுகிறேன். பொருள் இல்லாவிட்டாலும் அந்தத் தகவல் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த காட்சிப்பொருள் பதக்கம் அல்ல, கறுப்பு டிரங்க் பெட்டி. பட்டாளத்துக்குப் போனவர் வீடு என்றால் அது பரணில் கட்டாயம் இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் எண், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். பதவி உயர்வு வந்தபோது பழைய ரேங்க்கின் மேல் கறுப்பைப் பூசிப் புதியதை எழுதியிருப்பார்கள். நாங்கள் வைத்திருக்கும் ஒரு பெட்டியில் வெளிச்சம் பட்டால் 'நாயக்' என்ற எழுத்து அடியிலும் 'ஹவில்தார்' மேலுமாகத் தெரிகிறது. அதைத் துடைக்கவோ புதுப்பிக்கவோ நான் யாரையும் விடுவதில்லை. ஒரு மனிதர் ஊருக்கு வெளியே கழித்த பதினேழு, பதினெட்டு வருடமும் அந்த மூடியில் இருக்கிறது.

இன்னொன்று, ஜாயின்ட் போட்டோ. பென்ஷன் தாளுக்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் படம். கல்யாணத்தில் போட்டோ எடுக்க வசதியில்லாத பல குடும்பங்களில் இருவரும் ஒன்றாக இருக்கும் ஒரே படம் அதுதான். அந்தப் படங்களை வரிசையாக மாட்டி, கீழே இருவர் பெயரையும் எழுதினேன். மனைவி பெயர் எதற்கும்மா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவரே பதில் சொன்னார்: "நான் பார்டர்ல இருந்தேன்யா. நிலம், மாடு, புள்ளைங்க, எங்கம்மா வைத்தியம் எல்லாத்தையும் பார்த்தது யாரு?" அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் முதல் கேள்வி, இதில் வீரத்துக்குக் கொடுத்தது எது என்பதுதான். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஓட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றி அவர்களுக்குச் சொல்வேன். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில், வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். பிறகு எங்கள் கண்ணாடிப் பெட்டியைக் காட்டுவேன். 1965 போரின் சமர் சேவா ஸ்டார், 1971 போரின் பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், ஒன்பது வருடச் சேவைக்கு ஒன்று. இவையெல்லாம் அங்கே இருந்ததற்காக, வேலையை ஒழுங்காகச் செய்ததற்காகக் கொடுத்தவை. லாரி ஓட்டியவர், லங்கர் என்ற பட்டாளச் சமையலறையில் ரொட்டி சுட்டவர், சிக்னல் கம்பி இழுத்தவர், கழுதைக்குத் தீவனம் வைத்தவர் எல்லோரும் இதில் அடக்கம். இவர்களுக்காகத்தான் உள்ளூரில் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பரம் வீர் சக்கரம் வாங்கியவரை டெல்லி பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் கொடுத்த ஒருவர், ஒரு பதக்கத்தை மட்டும் கொடுக்க மறுத்தார். 'ஸ்ரீலங்கா' என்று பட்டை போட்ட ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் அது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே போன இந்திய அமைதிப்படையில் அவர் இருந்தார்.

"கார்கில்னா எழுந்து நின்னு கைதட்டுவாங்கம்மா. இது எந்த ஊர்ல வாங்குனதுன்னு ஒரு புள்ள கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார்.

சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழ் தெரியும் என்பதாலேயே அவரைச் சோதனைச் சாவடியில் வேலைக்கு நிறுத்துவார்களாம். பேசுவது அவர் பாஷை, சோதனை போடுவதும் அந்த பாஷை பேசுகிறவர்களைத்தான். வீட்டுக்குப் போட்ட கடிதம் எல்லாவற்றிலும் '56 ஏபிஓ' என்ற ராணுவத் தபால் நிலைய முகவரிதான். காஷ்மீரில் இருந்தாலும் அதுதான், யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் அதுதான். மகன் எங்கே இருக்கிறான் என்று அவருடைய அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அந்த முடிவுக்குத் தமிழ்நாட்டில் காரணம் இருந்தது, ஆதரவும் இருந்தது. இவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "பஸ் ஸ்டாண்டுல டிரெஸ்ஸ மாத்திக்கிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படைக்கென்று ஒரு பலகை வைக்க வேண்டும் என்று நான் சங்கத்தில் கேட்டேன். வேண்டாம், பிரச்சினை வரும் என்றார்கள் சிலர். வைப்பதாக இருந்தால் தியாகத்தை மட்டும் எழுது என்றார்கள் சிலர். இரண்டுக்கும் நான் ஒப்பவில்லை. சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு அந்த நடவடிக்கையிலேயே ஒரே பரம் வீர் சக்கரம் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் இறந்தார்கள். இந்த மூன்றும் ஒரே பலகையில் இருக்க வேண்டும் என்றேன். இறந்த சிப்பாயின் வீட்டாரும் படிக்க வேண்டும், யாழ்ப்பாணத்தில் இருந்து யாராவது வந்தால் அவரும் படித்துவிட்டு, மறைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பல கூட்டம் பேசிய பிறகு, வார்த்தைக்கு வார்த்தை படித்துப் பார்த்துவிட்டுச் சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டார்.

பதக்கம் தராதவர் பலகையை நின்று படித்தார். பெயர் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். அவருடைய பெட்டிக்குக் கீழே எழுதிய குறிப்பில் மற்ற வருடங்கள் இருக்கின்றன, இலங்கையில் இருந்த வருடங்கள் இல்லை. அது அவர் முடிவு, நான் அதில் கை வைக்க மாட்டேன்.

பலகை வைத்த செய்தி பக்கத்து ஊருக்குப் போய், ஓர் அம்மா தன் அண்ணனின் பாஸ்போர்ட் சைஸ் படத்தோடு வந்தார். அண்ணன் அங்கே இறந்தவர். "டெல்லியில கட்டுன மண்டபத்துல பேரு போட்டிருக்காங்களாம். நாங்க எங்க அவ்வளவு தூரம் போறது? இங்க பெருசா எழுதுங்க" என்றார். எண், ரேங்க், பெயர், யூனிட், தேதி எல்லாவற்றையும் அவர் கொண்டுவந்த தாளைப் பார்த்து எழுதினேன். தாளில் இடம் 'ஃபீல்டு' என்று மட்டும் இருந்தது. யாழ்ப்பாணம் என்று எழுதச் சொன்னார், எழுதினோம்.