தேரூர் குளமும் கையில் இருக்கிற போனும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

நீளவால் இலைக்கோழிக்கு இந்த மாதத்தில் நீள வால் கிடையாது. குஞ்சு பொரிக்கும் பருவத்தில்தான் அந்த வால், பருவம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். இன்று கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்தில் பார்த்த பறவைக்கும் வால் குட்டைதான், பிடரியின் பொன்னிறம் வெளிறிப் போயிருந்தது, நெஞ்சின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தாமரை இலையில் ஒரு காலை வைக்கிறது, நீண்ட விரல்கள் இலை மேல் விரிகின்றன, இலை லேசாக அமிழ்ந்து ஓரத்தில் தண்ணீர் ஏறுகிறது, அந்த ஈரத்தில் எதையோ கொத்திவிட்டு இலை முழுக அவகாசம் கொடுக்காமல் அடுத்த இலைக்குப் போய்விடுகிறது.

போனில் படம் எடுத்தேன். பச்சைக்கு நடுவே பழுப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியிருக்கிறேனே, இலை அமிழ்வதும் தண்ணீர் ஏறுவதும், அது எந்தப் படத்திலும் வந்திருக்காது. பார்த்ததை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தக் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்து 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றன, இது பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனையோ பேருக்குத் தெரியாது. யாராவது எழுதிக்கொண்டே இருந்தால்தான் தெரியும்.

ஜனவரி 8, புதன்

வேலை முடிந்து வந்து பழைய வலைப்பூக்களைத் தேடிக்கொண்டிருந்தேன், மணி பதினொன்று ஆகிவிட்டது.

தமிழில் வலைப்பூ எழுதத் தொடங்கிய காலத்தில் தட்டச்சு செய்வதே பெரிய காரியம். ஒருவர் டிஸ்கி என்ற பழைய முறை எழுத்துருவில் எழுதியிருப்பார், அது நம் கணினியில் இல்லையென்றால் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். எல்லாக் கணினியிலும் தெரிகிற யூனிகோடும், அதில் தமிழ் தட்டச்சு செய்ய எ-கலப்பை போன்ற மென்பொருள்களும் வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. 2004-ல் வலைப்பூக்களைத் திரட்டித் தருகிற தமிழ்மணம் தளம் வந்தது. யார் எந்த மூலையில் புதிதாக எழுதினாலும் அங்கே வரிசையாக வந்து நிற்கும். நாகர்கோவிலில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து படித்த தலைமுறை எங்களுடையது.

அப்போது படித்த ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. குலசேகரம் பக்கத்துக்காரர் ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே தன் அப்பா ரப்பர் பால் வெட்டுவதைப் பற்றி எழுதியிருந்தார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவது, பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எதற்கு மேல் போனால் மரம் கெடும், வெயில் ஏறினால் பால் ஏன் சீக்கிரம் நின்றுவிடும், ஒட்டுபாலை எப்படி எடுத்துச் சேர்ப்பார்கள் என்று விலாவாரியாக எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு ரப்பர் தோட்டத்தைக் கடக்கும்போது மரத்தில் இருக்கிற வெட்டுகளை நின்று பார்க்காமல் என்னால் போக முடிந்ததில்லை. அந்த வலைப்பூ இன்று இல்லை. இலவசமாக இடம் கொடுத்திருந்த சேவையை நிறுத்திவிட்டார்கள், அவர் எழுதியதெல்லாம் அதோடு போய்விட்டது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

நாம் தேர்ந்தெடுத்த தளங்களில் புதிதாக வருவதைத் தானாகக் கொண்டு வந்து சேர்ப்பது செய்தியோடை (ஆர்எஸ்எஸ்), அதைப் படிக்க உதவியது கூகுள் ரீடர். 2013 ஜூலையில் அது மூடப்பட்டபோது இனி செய்தியோடையே செத்தது என்று பேசிக்கொண்டார்கள். சாகவில்லை. இன்றைக்கு எல்லாரும் கேட்கிற பாட்காஸ்ட் அதே ஓடையில்தான் ஓடுகிறது. எழுதுகிறவர் எழுதுகிறார், படிக்கிறவருக்கு எழுதிய வரிசையிலேயே வந்து சேருகிறது, எது முன்னால் வரவேண்டும் என்று நடுவில் யாரும் முடிவு செய்வதில்லை. எனக்கு இன்றும் இதுதான் மரியாதையான ஏற்பாடாகப் படுகிறது. சமூக வலைத்தளத்தில் போட்டது மூன்று நாளில் அடியில் போய்விடுகிறது, போன வருஷம் மணக்குடியில் பூநாரை எப்போது வந்தது என்று தேடினால் கைக்குக் கிடைப்பதில்லை. குளத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு போன வருஷம்தான் முக்கியம்.

ஜனவரி 12, ஞாயிறு

மகளோடு மணக்குடி. பழையாறு கடலில் சேருகிற இடம். 2004 சுனாமியில் மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவே இருந்த பாலத்தின் பெரிய பெரிய துண்டுகளைத் தண்ணீர் தூக்கி எறிந்தது. அவள் பிறப்பதற்கு முன் நடந்தது. புதுப் பாலத்தில் நின்றுகொண்டு அதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அவள் போனில் மெர்லின் செயலி இருக்கிறது. 2021-ல் அதில் பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி வந்தது. வேலை செய்யும் விதம் அழகானது: குரலை முதலில் படமாக மாற்றிக்கொள்கிறது, எந்த நேரத்தில் எந்தச் சுருதி, எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கோட்டுப்படம், பிறகு அந்தப் படத்தைத் தனக்குக் கற்றுக்கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களோடு ஒப்பிடுகிறது. அந்தந்தப் பகுதியின் பறவைத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும்.

அலையாத்திப் புதர்களுக்குள் ஏதோ சத்தம், செயலி தையல்சிட்டு என்றது. நான் உடனே குறிப்பில் எழுதப் போனேன், அவள் விடவில்லை. "அம்மா, அது கேட்டதைச் சொல்லிச்சு. நாம இன்னும் பாக்கலையே." சரி என்று நின்றோம். குருவி வெளியே வருவதாக இல்லை, கொசுதான் வந்தது. ஒருவழியாகக் கிளை நுனிக்கு வந்து, நிமிர்த்திய வாலோடு இரண்டு முறை கத்திவிட்டு உள்ளே போனது. அதன் பிறகுதான் எழுதினோம். எனக்கு அவள் மேல் அத்தனை பெருமை. செயலி வேண்டாம் என்று சொல்கிறவர்களை நான் ஏற்கவில்லை, அது இல்லையென்றால் அந்தப் புதருக்கு முன் நாங்கள் நின்றே இருக்க மாட்டோம்.

கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பொழி, அதாவது ஆறு கடலில் சேருகிற வாய், மணலால் அடைத்துக் கிடக்கும்போது உள்ளே என்ன மீன், கடல் ஏறி உப்பு வந்த பிறகு என்ன மீன், எந்தப் பறவை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று கையை நீட்டிக் காட்டிச் சொன்னார். "நீங்க பாக்கிய போன்ல இதெல்லாம் இருக்கா?" என்று கேட்டார், ஆர்வமாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எழுதிப் போடுங்க" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பால் பொங்கி முடிந்ததும் பதினைந்து நிமிடம் கிணற்றடியில் உட்கார்ந்து எண்ணினோம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்துகிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. குறைந்தது பதினைந்து நிமிடம், பார்த்ததையெல்லாம் எண்ணி, பறவைக் குறிப்புகளைச் சேர்க்கிற இ-பேர்ட் தளத்தில் பட்டியலாகச் சேர்க்க வேண்டும். காகம், மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து, தென்னையில் ஒரு வால்காக்கை. அரிய பறவை ஒன்றும் இல்லை.

அரியது இல்லாவிட்டால் எதற்கு என்று அத்தான் கேட்டார். 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைக் காட்டினேன். ஏறக்குறைய 30,000 பேர் கொடுத்த 3 கோடி குறிப்புகளிலிருந்து 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் பனங்காடை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது என்று தெரிய வந்தது. பனங்காடை எங்கும் சாதாரணமாகக் கம்பியில் உட்கார்ந்திருந்த பறவை, அதனாலேயே அது குறைவதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சாதாரணமாக இருக்கும்போதே எண்ணி வைத்தவர்களால்தான் இது தெரிந்தது. அத்தான் சாயாவை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், வால்காக்கையை முதலில் பார்த்ததும் அவர்தான்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல், உறவுக்காரர்களோடு கன்னியாகுமரி. போன மாதம் 30-ஆம் தேதி விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். படகுக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டுக் கரையிலேயே இருந்துவிட்டோம்.

கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கிறவர்களைப் பற்றிக் குறை சொல்லி நிறைய எழுதிவிட்டார்கள். இன்று என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா வீடியோ காலில் சவூதியில் இருக்கிற மகனுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார். போனை மெதுவாகத் திருப்பி, பாறை, சிலை, பாலம், படகு என்று ஒவ்வொன்றாக. "மக்ளே, இந்தப் பக்கம் அலை பெருசு, பாரு" என்றார். அவரை விட நன்றாகக் கடலைப் பார்த்தவர் இன்று அங்கே யாரும் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

காளிகேசம். கீரிப்பாறை தாண்டியதும் எங்கள் போன்களில் சிக்னல் போய்விட்டது. மேப் போய்விடுமே என்று மகளுக்குப் பதற்றம், போகவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன, போன் அதை வாங்கி, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது, போனிலிருந்து மேலே எதுவும் போக வேண்டியதில்லை. மேப்பை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் நல்ல குளிர். குளித்துவிட்டு ஏத்தங்காய் சிப்ஸ் தின்றுகொண்டு பாறையில் கிடந்தோம். இன்றைக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை, நல்ல நாள்.

ஜனவரி 26, ஞாயிறு

மறுபடி தேரூர். கும்பப்பூ நெல் மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது. மறுகால் பக்கம் வயல் வைத்திருக்கிற பாட்டாவிடம், பேசுவதைப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன், சம்மதித்தார். அவர் சின்ன வயதில் எந்த மாதம் குளம் வற்றும், வற்றினால் எந்தக் கொக்கு முதலில் இறங்கும், தாமரை எந்த மடைப் பக்கம் வரை இருந்தது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்து குரலை எழுத்தாக மாற்றுகிற செயலியில் போட்டேன். பாட்டாவின் பேச்சு அதற்குப் பிடிபடவே இல்லை, வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு ஏதோ வந்தது. அதை மூடிவிட்டு நானே கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போதுதான் அவர் மடையை இடது பக்கம், வலது பக்கம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது புரிந்தது.

இதையெல்லாம் வெறும் உரைக்கோப்பாகவும் ஒரு பிரதி வைக்கிறேன், யூனிகோடில், எந்த அலங்காரமும் இல்லாமல், பென்டிரைவில் ஒன்று, அக்கா வீட்டுக் கணினியில் ஒன்று. இணையப் பக்கத்தின் முகவரியை, பக்கங்களைப் பிரதி எடுத்துப் பாதுகாக்கிற இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினிலும் கொடுத்திருக்கிறேன், அங்கே ஒரு பிரதி சேர்ந்துவிட்டது. பாட்டாவின் பதிவில் இன்னும் பாதி பாக்கி. அடுத்த மாதம் அறுப்பு தொடங்குவதற்கு முன் முடித்து, அச்செடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும், பிழை இருந்தால் அவர் சொல்வார்.